கடதாசி நுழையாத கூரை

1

வருடத்தில் ஒருநாள் நான் ஒரு கூரையில் ஏறுவேன். மே மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன், பஸ்ஸில் போய் இறங்கி, ஏணியைச் சாத்தி ஏறி, அங்கே பொருத்தியிருக்கிற ஏசியின் மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். கடல் உப்புப் படிந்த தகடுகளை மெல்லிய தூரிகையால் தட்டிவிடுவேன். தண்ணீர் போகிற துளைகளில் இலை அடைத்திருந்தால் எடுப்பேன். ஒரு வருடம் உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. கூடவே என் சினேகிதர் அருளப்புவும் வருவார். ஸ்பனர் அவரிடம்தான் இருக்கும். எனக்கு அதைத் தொட அனுமதியில்லை.

இந்த வருடம் நேற்று ஏறினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் மனைவி பவானி கேட்ட முதல் கேள்வி:

"கரண்டியளை எண்ணிப் பாத்தனீங்களோ?"

எண்ணினேன் என்றும் சொல்லவில்லை, எண்ணவில்லை என்றும் சொல்லவில்லை. கை கழுவப் போய்விட்டேன்.

அவள் அப்படிக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு வெட்கமான காரணம். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து கேட்பவர்கள் பனியையும் உயரமான கட்டடங்களையும் எதிர்பார்க்கிறார்கள். நான் இருக்கிற இத்தாலியின் பலெர்மோவில் பனி இல்லை. என்னிடம் இருப்பது இந்தக் கூரைதான்.

கூரை என்றால் வீட்டுக் கூரை அல்ல. காரின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, சில்லு வைத்த சின்ன வீடு ஒன்றின் கூரை. இத்தாலிக்காரர் அதை ரூலோட் என்பார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் இருக்கும். நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மாவின், சிஞ்ஞோராவின், ரூலோட் எங்கும் போவதில்லை. நகரத்துக்கு மேற்கே கடற்கரையில் ஒரு காம்பில், நாற்பது ஐம்பது ரூலோட்டுகளோடு சேர்ந்து வருடம் முழுக்க நிற்கிறது. "காம்புக்குப் போய்த் துப்புரவாக்கிவிட்டு வா" என்று அவர் முதல் தரம் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது ஊரில் இருந்த ஆமிக் காம்ப். அது அந்தக் காம்ப் இல்லை. மனிதர்கள் விரும்பிப் போய் இருக்கிற காம்ப்.

2

யாழ்ப்பாணத்தில் நான் பிரிட்ஜ் திருத்துபவன். பெரியகடைப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். பிரிட்ஜ் குளிரவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது மெஷினை அல்ல, கதவு ரப்பரை. கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்துச் சாத்த வேண்டும். இழுத்தால் கடதாசி வரக்கூடாது. வந்தால் ரப்பர் பிழை. எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு துண்டுக் கடதாசியாலேயே நோயைக் கண்டுபிடித்துக் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

பிறகு கரண்ட் போனது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, வருடக்கணக்கில். பிரிட்ஜுகள் அலுமாரிகளாயின. ஒரு வாத்தியார் வீட்டில் காணி உறுதிகளைப் பிரிட்ஜுக்குள் வைத்திருந்தார்கள், கறையான் ஏறாது என்று. அதற்கும் என்னைக் கூப்பிட்டு ரப்பரைப் பார்க்கச் சொன்னார்கள். கடதாசியை வைத்து இழுத்துப் பார்த்து, "பயமில்லை" என்று சொன்னேன். நான் ஊரில் கடைசியாகச் செய்த மெக்கானிக் வேலை அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். அதற்கு முன்பு ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் எங்களை வரிசையில் விட்டார்கள். முன்னால் தலையாட்டி இருந்தான், தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுப்பவன். முகத்தை மூடிய சாக்கு, அதில் இரண்டு ஓட்டை, ஓட்டைக்குள் கண். எனக்கு முன்னால் நின்றவருக்கு அது ஆடவில்லை. என் முறை வந்ததும் கொஞ்சநேரம் அசையாமல் இருந்து பார்த்தது. பிறகு ஆடாமல் விட்டது. அந்தக் கண்ணை எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. எங்கள் ஒழுங்கைக்காரனா, கடைக்கு வந்துபோனவனா என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். எந்த ஓட்டையைக் கண்டாலும் அதை அடைத்துவிட வேண்டும் என்று கை துடிக்கும்.

3

என் முழுப்பெயர் சிவநேசராசா. சிஞ்ஞோரா இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு நெல்லோ என்று வைத்துவிட்டார். எழுபதை நெருங்கிய விதவை, தனியாக இருப்பவர். நிலம் துடைப்பது, சாமான் வாங்குவது, கோடையில் ரூலோட்டைக் கவனிப்பது என் வேலை.

இந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் அருளப்பு. மன்னார்க்காரர். போர்கோ வெக்கியோவில் சந்தைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறார். ஞாயிறுப் பூசையில் வாசகம் வாசிப்பவர். எனக்கு முன் சிஞ்ஞோராவிடம் இருந்தவர் அவர்தான். உணவுக்கடைச் சமையலறை ஒன்றில் இடம் கிடைத்ததும் என்னைக் கூட்டிப்போய் விட்டார். நல்ல வேலையை ஒருவன் இன்னொருவனுக்குச் சும்மா கொடுப்பானா? ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று ஒரு வருடம் காத்திருந்தேன். வில்லங்கம் ஒன்றும் வரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ரூலோட்டின் சாவி என் கைக்கு வந்த அன்றே உள்ளே இருந்த சாமான்களை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். கரண்டி பன்னிரண்டு. முள்ளுக்கரண்டி பன்னிரண்டு. கோப்பி வடிக்கிற பாத்திரம் ஒன்று. கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்று. உடைந்ததை உடைந்தது என்றே எழுதினேன், நாளைக்கு நெல்லோதான் உடைத்தான் என்று வரக்கூடாது.

மூன்று வருடங்களுக்கு முந்திய மே மாதம் அது. காம்பை விட்டுப் போன ஒரு குடும்பத்திடம் சிஞ்ஞோரா பழைய ஏசி ஒன்றை வாங்கினார். கூரையில் பூட்ட ஆள் பிடிக்கப் போகிறேன் என்றார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, "நான் மெக்கானிக்" என்று இத்தாலியனில் சொன்னேன். அந்தச் சொல்லை என் வாயால் சொல்லி எத்தனையோ வருடமாகியிருந்தது. 

ரூலோட்டின் கூரை நடுவில் காற்றுக்கென்று ஒரு சதுரத் துவாரம், அதற்குப் பிளாஸ்டிக் மூடி. மூடியைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, துவாரத்தின் மேல் ஏசியை இறக்கிவைக்க வேண்டும். அதன் அடியில் தடித்த பஞ்சு ரப்பர் வளையம் ஒன்று சுற்றிவர இருக்கும். உள்ளேயிருந்து நான்கு நீள போல்ட்டுகள் ஏசியைக் கீழே இழுத்துப் பிடிக்கும். அந்த ரப்பர் எவ்வளவு நசிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தூக்குவதற்கு அருளப்பு வந்தார். அவர் கூரையில் குந்தியிருந்து ரப்பரைப் பார்க்க, நான் உள்ளே நின்று ஸ்பனரால் இறுக்கினேன்.

"காணும், நேசன், போதும்," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "ரப்பர் பாதியாப் போச்சு. இனி இறுக்கினால் நசிஞ்சு போகும்."

"நீர் பேசாமல் பிடிச்சுக்கொண்டு இரும். நான் பாக்காத ரப்பரோ?"

களைத்துவிட்டார், வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். ஸ்பனர் அசையாத வரைக்கும் இறுக்கினேன். அதோடு விடவில்லை. அருளப்பு போன பிறகு மேலே ஏறி, ஏசியின் அடிவிளிம்பைச் சுற்றிச் சிலிக்கோன் பசை வைத்து, விரலால் தடவி, ஒரு இடம் விடாமல் அடைத்தேன். இரண்டு குழாய் முடிந்தது. அடுத்த நாள் காய்ந்ததும் பஸ் டிக்கெட்டை எடுத்து நாலு பக்கமும் நுழைத்துப் பார்த்தேன். ஒரு இடத்திலும் நுழையவில்லை. பவானியிடம் வந்து அதை மூன்று தரம் சொன்னேனாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

4

அந்த வருடம் எங்கள் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, முடிகிற வருடம். புதுப்பிப்பதற்கு வேலை தருபவர் ஒரு கடதாசி தர வேண்டும்: இன்னார் என் வீட்டில் வேலை செய்கிறார், இனியும் செய்வார் என்று. அதில் அவர் கையெழுத்து வைத்து, நகரசபையில் அலுவலர் முன்னால் உறுதிப்படுத்தி, முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். அது இல்லாமல் குவெஸ்தூராவில், வெளிநாட்டுக்காரர் வரிசையில் நிற்கிற பொலிஸ் அலுவலகத்தில், போய் நின்று பிரயோசனமில்லை. என் அனுமதியோடுதான் பவானியினதும் மகள் தர்சினியினதும் அனுமதிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஓகஸ்ட் கடைசியில் எங்களுக்கு நாள் தந்திருந்தார்கள்.

ஜூலை தொடக்கத்தில் படிவத்தையும், என் முழுப்பெயரை எழுதிய ஒரு துண்டையும் சிஞ்ஞோராவிடம் கொடுத்தேன். கடற்கரைக்குக் கொண்டுபோய் ஆறுதலாக எழுதித் தருகிறேன் என்றார். இரண்டு கிழமை போனது. கேட்டேன். "தோப்போ, நெல்லோ, தோப்போ" என்றார். பிறகு என்று அர்த்தம். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் தோப்போ. முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதை நான் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. நான் நடையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், சிஞ்ஞோரா அறைக்குள் யாரோடோ டெலிபோனில் கதைக்கிறார். மூன்று சொல் தெளிவாகக் கேட்டது: ரூலோட், பெர்தித்தா, நெல்லோ. அதோடு ஒரு வசனமும்: "நெல்லோவுக்குத் தெரியக்கூடாது." அன்று பின்னேரமே, "நெல்லோ, ரூலோட் சாவியைத் தந்துவிட்டுப் போ" என்றார். கொடுத்தேன். 

பெர்தித்தா என்ற சொல் எனக்குத் தெரியும். எங்கள் மாடியில் ஒருவர் இறந்தபோது வாசலில் என்ன சொல்ல வேண்டும் என்று சிஞ்ஞோராவே சொல்லித் தந்தவர். இழப்பு. ரூலோட்டில் இழப்பு என்றால் என்ன? ஏதோ காணாமல் போயிருக்கிறது. சாவி யாரிடம் இருந்தது? நெல்லோவிடம்.

உறுதிப்படுத்துவதற்கு மகளிடம் கேட்டேன். தர்சினிக்கு அப்போது பதினொரு வயது. டெலிவிஷனுக்கு முன்னால் படுத்திருந்தாள்.

"பிள்ளை, பெர்தித்தா எண்டால் என்ன?"

"துலைக்கிறது, அப்பா."

"துலைக்கிறதோ, களவு போறதோ?"

"போ."

பலெர்மோப் பிள்ளைகள் தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்லுகிற 'போ' அது. எனக்கென்ன தெரியும் என்று அர்த்தம். அவள் அதை முதன்முதலில் சொன்ன அன்று, பெற்ற தகப்பனைப் பார்த்துப் பிள்ளை போ என்கிறதே என்று பவானி அழுதாள். விளக்கம் சொல்லித் தேற்றினோம். இப்போது இரண்டு போவும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கிறது.

"வேறை அர்த்தம் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லன்."

"உஃபா, அப்பா! எல்லாத்துக்கும் என்னட்டைத்தான் கேக்கிறீங்கள்." சலிப்பதற்கும் அவளுக்கு இப்போது இத்தாலியன்தான் வருகிறது.

அன்றிரவு கொப்பியை எடுத்துப் பட்டியலை ஒருதரம் வாசித்தேன். பவானி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள், "அந்த மனிசி உங்களைப் பெத்த பிள்ளை மாதிரி வைச்சிருக்கு. ஒரு வார்த்தை நேரை கேட்டால் என்ன?"

நேரே கேட்பதா? நேரே கேட்டால் நான் ஒட்டுக் கேட்டது தெரிந்துவிடும். ஒட்டுக் கேட்பவன் எடுக்கவும் செய்வான் என்று நினைப்பார். எனக்கு வேறு வழி தெரிந்தது. என் இடத்தில் முன்பு இருந்தவர் யார்? அருளப்பு. சமையலறை வேலை கஷ்டம் என்று இரண்டு தரம் என்னிடம் சொன்னவர் யார்? அருளப்பு. போன ஞாயிறு சிஞ்ஞோரா தனக்கு டெலிபோன் எடுத்ததாக அவர் வாயிலேயே வந்து, பிறகு கதையை மாற்றினாரே?

சனிக்கிழமை பல்லரோச் சந்தையில் அவரைப் பிடித்தேன். மீன் வாங்கிக்கொண்டு நின்றார்.

"சிஞ்ஞோராவோடை என்ன கதைச்சனீர்?"

அவர் முகம் மாறியது. "ஒண்டுமில்லை. சும்மா சுகம் விசாரிச்சவ."

"சுகமோ? நான் கள்ளனெண்டு சொல்லி, அந்த இடத்துக்குத் திரும்பி வரப் பாக்கிறீரோ?"

மீன்காரனின் கூவல் நின்றுவிட்டது போல எனக்குக் கேட்டது. அருளப்பு மீன் பையை மெதுவாக நிலத்தில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நேசன், நீர் ஆரை நம்பிறீர்? ஒரு பேரைச் சொல்லும் பாப்பம்."

நான் வாயைத் திறந்தேன். ஒரு பெயரும் வரவில்லை. பவானியின் பெயர்கூட வரவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5

ஓகஸ்ட் பிறந்தது. இந்த ஊரில் ஓகஸ்டில் எந்த வேலையாளும் அகப்படமாட்டான். எல்லாரும் கடலில் இருப்பார்கள். முதற் கிழமையிலேயே சிஞ்ஞோரா என்னை ரூலோட்டுக்கு வரச் சொன்னார்.

கணக்குத் தீர்க்கும் நாள் என்று நினைத்தேன். முழுகி, வெள்ளைச் சேர்ட் போட்டு, கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் இருந்தபடி சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினேன். கதவில் நின்றவரிடம் கொப்பியை நீட்டி, "நான் சுத்தமானவன், சிஞ்ஞோரா" என்றேன். கை சுத்தம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரிகிறது. சவுக்கார வாசம் அடிக்கிறது. சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா."

உள்ளே போனேன். கரண்டிகள் பன்னிரண்டும் தட்டில் இருந்தன, கண்ணாலேயே எண்ணிவிட்டேன். சிஞ்ஞோரா கரண்டியைப் பார்க்கவில்லை. விரலை மேலே நீட்டினார். ஏசியைச் சுற்றி உட்கூரை முழுக்க மண்ணிறமாகப் பெரிய கறை. நேர் கீழே கட்டிலில் மெத்தை இல்லை, ஒரு வாளி இருந்தது.

"ஊனா பெர்தித்தா," என்றார்.

சுவிட்சைப் போட்டுக் காட்டினார். அரை மணித்தியாலத்தில் உட்கூரையின் மூலையில் ஒரு துளி திரண்டு வாளிக்குள் விழுந்தது. "பெர்தித்தா" என்றார் திரும்பவும், காது கேளாதவனுக்குச் சொல்வது போல. ஒழுக்கு. அந்தச் சொல்லுக்கு ஒழுக்கு என்றும் அர்த்தம் இருக்கிறது. செத்தவீட்டில் படித்த சொல்லை வைத்துக்கொண்டு நான் இரண்டு கிழமை நித்திரையில்லாமல் இருந்திருக்கிறேன்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது அடுத்த சந்தேகம். மே மாதத்திலிருந்து ஒரு துளி மழை இல்லை. மழை இல்லாமல் கூரை எப்படி ஒழுகும்? யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். பக்கத்து ரூலோட்டில் சுங்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மனிதர் பூச்சாடிகளுக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஏசி போட்டால் தன் வெளிச்சம் மங்குகிறது என்று முறைப்பாடு சொன்னவர். குழாயின் வாய் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவரை முறைத்தபடியே ஏணியில் ஏறினேன். அவர் கை காட்டினார். நடிக்கிறார் என்று நினைத்தேன்.

மேலே என் சிலிக்கோன் அப்படியே இருந்தது. ஒரு வெடிப்பில்லை, ஒரு கீறலில்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போயிருக்க முடியாது. காற்சட்டைப் பையில் பஸ் டிக்கெட் இருந்தது. நாலு பக்கமும் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. பிறகுதான் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம்.

பிரிட்ஜ் திருத்தியவனுக்கு இது தெரியாதா? ஏசி குளிரும்போது காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராகும். கடற்கரைக் காற்றில் நாளைக்கு ஒரு வாளி சேரும். அந்தத் தண்ணீர் அடித்தட்டுத் துளைகளால் இறங்கி, கூரையில் வடிந்து, வெளியே போகவேண்டும். அது போவதற்குத்தான் அடிவிளிம்பைச் சுற்றி அந்த இடைவெளி. நான் அதை அடைத்துவிட்டேன். போக வழியில்லாத தண்ணீர் உள்ளேயே தேங்கி, நான் நசித்து வைத்த ரப்பரைத் தாண்டி, சிஞ்ஞோராவின் கட்டிலில் விழுந்திருக்கிறது.

கத்தியை எடுத்து ஒரு மூலையில் சிலிக்கோனை வெட்டினேன். குளிர்ந்த தண்ணீர் என் முழங்காலை நனைத்துக்கொண்டு ஓடியது. ஓகஸ்ட் வெயிலில், ஒரு முகில்கூட இல்லாத வானத்துக்குக் கீழே. பக்கத்து மனிதர் குழாயை நிறுத்திவிட்டு ஆச்சரியத்தோடு பார்த்தார். அவர் நடிக்கவில்லை.

இறங்கி வந்தேன். சிஞ்ஞோரா மேசையில் இருந்தார்.

"யாருடைய பிழை? மெஷினா, வேலையா? மெஷின் என்றால் அவர்களுக்கு டெலிபோன் எடுத்து நல்லாகக் கேட்கப் போகிறேன்."

பதில் நாக்கின் நுனியில் இருந்தது. பழைய மெஷின், சிஞ்ஞோரா. அவ்வளவுதான். விற்ற குடும்பம் எங்கோ இருக்கிறது, என்னை அவர்களுக்குத் தெரியாது. அல்லது, மேலே நின்றவர் அருளப்பு என்று சொல்லலாம். கடதாசி இன்னும் என் கைக்கு வரவில்லை. குவெஸ்தூரா நாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. மூன்று பேருடைய இருப்பு இந்த மனுசியின் பேனாவில் இருந்தது. இவருடைய கட்டிலைக் கெடுத்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டு, இனியும் இவனை வேலைக்கு வைத்திருப்பேன் என்று எழுதித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது?

ஒரு பேரைச் சொல்லும் பாப்பம் என்று அருளப்பு கேட்டது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. வந்திருக்கக்கூடாது.

"என் பிழை, சிஞ்ஞோரா," என்றேன். "மெஷின் நல்லது. நான் அளவுக்கு மேல் அடைத்துவிட்டேன்."

அவர் எழுந்து இழுப்பறையைத் திறந்து, ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். காய்ந்து மொரமொரத்துப் போயிருந்தது. நகரசபை முத்திரை தெரிந்தது. அவருடைய மையூற்றுப் பேனா எழுத்தெல்லாம் கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் முதல் மூன்று எழுத்து மட்டும் மிச்சம்.

"ஜூலையிலேயே எழுதினேன்," என்றார். "நகரசபைக்கும் போய் வந்துவிட்டேன். மடிப்பு விழாமல் இருக்கட்டும் என்று மெத்தைக்கு அடியில் வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் மெத்தை குளம். நீ பெயர் எழுதித் தந்த துண்டும் போய்விட்டது. அருளப்புவைக் கூப்பிட்டுத்தான் உன் நீளப் பெயரை எழுத்துக் கூட்டி வாங்கினேன். உனக்குச் சொல்லவேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன். நீ தொட்டதற்கெல்லாம் பயப்படுகிறவன். நீ இதைக் காணாமல் இருக்கத்தான் சாவியையும் வாங்கினேன். புதிதாக எழுதிவிட்டேன். அந்த அலுவலர் விடுமுறையால் வந்ததும் திரும்பப் போய் உறுதிப்படுத்தித் தருகிறேன்."

அந்த வியாழக்கிழமை நான் கேட்டது அவர் எனக்காக யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்த குரலை. எழுபது வயது மனுசி ஜூலை வெயிலில் எனக்காக வரிசையில் நின்று, நான் அடைத்த அடைப்பால் திரும்பவும் நிற்கப் போகிறார். எனக்கு அழுகை வந்தது. கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அது என்ன கொப்பி?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை, சிஞ்ஞோரா. சாமான் பட்டியல்."

6

புது ரப்பர் வேண்டும். பிரான்காச்சோவில் ரூலோட் சாமான் விற்கிற ஒரு சின்னப் பட்டறை காலையில் மட்டும் திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். உள்ளேயிருந்து போல்ட்டுகளைத் தளர்த்திப் பழைய ரப்பரில் வெட்டியெடுத்த துண்டைக் கொடுத்தேன். கடைக்காரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பப்படம் மாதிரி இருந்தது.

"யார் இதை இறுக்கியது?"

"தெரியாது. வேறு ஒருவன்."

ஒரு நாளைக்கு ஒரு உண்மைக்கு மேல் எனக்குத் தாங்காது.

"அவனைக் கண்டால் இருத்திவைத்து ஒரு கோப்பி வாங்கிக் கொடு," என்றான். "இதைப் பாதிக்குத்தான் இறுக்குவது. அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். சுற்றிவர ஒன்றும் பூசாதே. தண்ணீர் தன் பாட்டில் வெளியே போகட்டும்."

பாதி. மே மாதத்தில் கூரையிலிருந்து ஒருவர் சொன்ன அதே பாதி.

ரப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே போர்கோ வெக்கியோவுக்குப் போனேன். அருளப்பு கதவைத் திறந்தார். உள்ளே வாரும் என்று சொல்லவில்லை.

"பிழை விட்டிட்டன்," என்றேன்.

"எதிலை? ரப்பரிலையோ?"

"ரண்டிலையும்."

அவர் என்னைப் பார்த்தார். ரப்பரைப் பார்த்தார். "சிஞ்ஞோரா சொல்லிப்போட்டாவோ?"

"ஓம். எனக்குச் சொல்லக்கூடாதெண்டு நீர் வாயைத் திறக்கேல்லை. நான் உம்மைக் கள்ளவேலை செய்யிறீரெண்டு..."

"விடும்." உள்ளே போய்ச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவர் முன்னால் போய் இருந்தார்.

7

இருவருமாக ஏசியைத் தூக்கி, பழைய சிலிக்கோனைச் சுரண்டினோம். நான் பூசியது அவ்வளவு லேசில் வரவில்லை. விளிம்பெல்லாம் துடைத்துக் காயவிட்டு, புது ரப்பரை ஒட்டி, ஏசியைத் துவாரத்தின் மேல் சரியாக இறக்கினோம். நான் ஸ்பனரை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினேன்.

"தாரும் இஞ்சை," என்றார் அருளப்பு. "நான் இறுக்கிறன். நீர் மேலை இருந்து ரப்பரைப் பாரும். காணுமெண்டு நீர் சொல்லேக்கை நான் நிப்பாட்டிறன்."

"நீரே பாத்து நிப்பாட்டலாமே?"

"உள்ளுக்கை நிண்டால் எனக்குத் தெரியாது. நீர் சொல்லிறதைத்தான் நான் நம்ப வேணும்."

ஸ்பனரைக் கொடுத்தேன். கூரையில் முழங்கால் மடித்துக் குனிந்து பார்த்தேன். கீழே ஒவ்வொரு போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சம் திருகுகிற சத்தம். ரப்பர் மெல்ல மெல்ல இறங்கியது. முக்கால். அதைவிடக் கொஞ்சம் குறைய. பாதி. சுற்றிவர ஏசியின் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி அப்படியே திறந்திருந்தது. டிக்கெட் என்ன, கொப்பியே போகும் அதற்குள். உடம்பு முழுக்க இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று என்றது.

கீழே ஸ்பனர் நின்றது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"நேசன்?"

"காணும்," என்றேன்.

அவர் ஸ்பனரை மேசையில் வைத்த சத்தம் கேட்டது.